நடிகர் நோயாளி

டாக்டருக்கு நோய் தெரிந்தால் மட்டும் போதாது; நோயாளியின் பேச்சும் தெரிய வேண்டும். இதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சைப் பரீட்சை வைத்து அளக்கப் புகுந்தால்தான் வம்பு வருகிறது.

பிரிட்டனில் குடும்ப டாக்டராக விரும்பியவர்களுக்கு 2007 முதல் 2020 வரை ஒரு விசித்திரமான பரீட்சை இருந்தது. பதின்மூன்று நோயாளிகள், ஆளுக்குப் பத்து நிமிஷம். நோயாளிகள் அத்தனை பேரும் நடிகர்கள்! கதை எழுதுகிறவனுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு கவர்ச்சி உண்டு. இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவள், இருமலைப் பற்றியே பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு புருஷன் குடிப்பதைச் சொல்லுவாள். அதை நாற்காலியில் இருக்கும்போதே சொல்ல வைப்பது பெரிய வித்தை. பயனுள்ள வித்தையும்கூட. கானடாவில் 1993-க்கும் 1996-க்கும் இடையே இதுபோன்ற பரீட்சைக்கு வந்த 3,424 டாக்டர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பேச்சுத் திறனில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் மீது பிற்காலத்தில் புகார்கள் அதிகம் வந்தன. ஆகவே பரீட்சையே வீண் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் 5,095 பேரின் முடிவுகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எழுத்துத் தேர்வில் ஒரே தரத்தில் இருந்தவர்களை ஒப்பிட்டாலும், வெளிநாட்டில் படித்து வந்த வெள்ளையரல்லாதவர் முதல் முயற்சியில் தவறும் விகிதம், அந்நாட்டில் படித்த வெள்ளையரைப்போல் பதினான்கு பங்குக்கு மேல். சரி, மொழி, பழக்கவழக்கம் என்று காரணம் சொல்லலாம். ஆனால் பிரிட்டனிலேயே மருத்துவம் படித்த வெள்ளையரல்லாதவருக்கும் அது மூன்றரைப் பங்கு! அவருக்கு எந்த மொழி தெரியவில்லை?

இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2014-இல் நீதிபதி மிட்டிங், பரீட்சை சட்டத்துக்கு விரோதமல்ல என்று தீர்ப்பளித்தார். சங்கத்துக்குச் சட்டப்படி வெற்றி இல்லாவிட்டாலும் தார்மிக வெற்றி உண்டு என்றார். தார்மிக வெற்றியை வைத்துக்கொண்டு யாரும் நோயாளி பார்க்க முடியாது.

பரீட்சையைத் தளர்த்து என்று நான் சொல்லவில்லை. இருமலோடு வந்தவளுக்கும் நியாயம் வேண்டும். என் மனத்தாங்கல் வேறு. தோற்றவர் நேற்று வந்து இறங்கியவர் அல்ல. குடும்ப டாக்டர் பயிற்சி மூன்று வருஷம். அந்நாட்களில் நிஜ நோயாளிகளைப் பார்த்திருக்கிறார், இரவு வேலை செய்திருக்கிறார், மேற்பார்வை டாக்டர்கள் அவருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர் உழைப்பு அதுவரை இனித்தது. கடைசியில் 'உனக்குப் பேசத் தெரியவில்லை' என்றால், தெரியாததை எவரும் ஏன் முதல் வருஷமே சொல்லவில்லை? சொல்லிக் கொடுக்க வேண்டியவர்களுக்கு மதிப்பெண் போடும் பரீட்சை ஒன்றும் இல்லையே.

2023 முதல் புதுப் பரீட்சை நடக்கிறது. பன்னிரண்டு நோயாளிகள், பன்னிரண்டு நிமிஷம். டாக்டர் தமக்குப் பழகிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்; நடிகர் தொலைவிலிருந்து பேசுகிறார்.