முதல் பூச்சு வெள்ளை

மேஜைப் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டத் தொடங்குபவர் முதலில் எடுப்பது பளிச்சென்ற சிவப்பை. விருதுநகருக்கு வடக்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு முதலில் ஏறுவது வெறும் வெள்ளை. அது காய்ந்த பிறகுதான் மேல்நிறம். சிவகாசி ஆப்செட் அச்சிலும் பட்டாசுப் பெட்டியின் பகட்டெல்லாம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என மெல்லிசாக ஒன்றன்மேல் ஒன்று விழும் நான்கு மைகள்தான். புதியவரோ குப்பியிலிருந்து நேராகத் தொட்டு அப்புவார். சிப்பாயின் மூக்கு மறைந்துபோகும். (மீசை வரைந்து சமாளிக்கலாம், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.) அக்ரிலிக்கில் சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு பூச்சாகக் கொடுத்தால் மடிப்பும் பொத்தானும் தெரியும். கண்ணுக்கு அவசரம் வேண்டாம். பொம்மைக்காரர்கள் அதைக் கடைசியில்தான் எழுதுவார்கள்.