வெள்ளெழுத்தும் காட்டும் உபகாரமும்

சிவமயம்



திருக்காளத்தியிலே கண்ணப்ப நாயனார் இடந்து அப்பியது கண். திருவீழிமிழலையிலே ஆயிரந் தாமரை மலர்களுள் ஒன்று குறைய, அதற்கு ஈடாகத் திருமால் சாத்தியதும் கண். திருவொற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் சுந்தரமூர்த்தி நாயனார் இழந்ததும் கண்ணே. இவ்வரலாறுகளை நீங்கள் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். இன்று அடியேன் பேசப் புகுந்ததோ மிகச் சிறிய செய்தி. நாற்பது வயதின்மேல் நம்மனோர் யாவர்க்கும் வருகின்ற வெள்ளெழுத்தும், அதன்பொருட்டு அணிகின்ற மூக்குக்கண்ணாடியுமே அது. பிரசங்கத்திலே கண்ணாடிக் கதையா என்று நகைப்பவர்கள் சற்றே பொறுத்தருளல் வேண்டும்.

கண்ணினுள்ளே பளிங்கு போன்ற வில்லையொன்று உண்டு. அண்மையிலுள்ள பொருளைப் பார்க்குங்கால் அது திரளும். சேய்மையிலுள்ளதைப் பார்க்குங்கால் தட்டையாகும். வயது ஏற ஏற அவ்வில்லை இறுகி நெகிழ்ச்சி குன்றுதலினால், அண்மைப் பொருளுக்கு வேண்டுமளவு திரளமாட்டாதாகின்றது. இதுவே வெள்ளெழுத்து. இது நோயன்று, நரை போல்வதொரு பருவ வேறுபாடாம். அரசர்க்கும் வரும், ஆண்டிக்கும் வரும்.

அடியேன் எங்கள் கிராமத்துக் கோயிலிலே நெடுங்காலமாகக் கந்தபுராணம் படித்து வருபவன். ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடன முறை யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிந்ததே. நாற்பத்தைந்து வயதளவிலே எனக்குப் புத்தகத்தின் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்து தோன்றலாயின. அப்பொழுது நான் என்ன நினைத்தேன் என்கின்றீர்கள்? கண் மங்கிற்று என்று நினைத்தேனல்லேன். விளக்கு மங்கிற்று என்றே நினைத்தேன். கோயிற்றொண்டர் ஒருவரை அழைத்து மண்டபத்து மின்குமிழை மாற்றுமாறு கூறினேன். அவர் மாற்றினார். சில மாதங்களின் பின் மீளவும் கூறினேன், மீளவும் மாற்றினார். அதன்மேல் அச்சுக்கூடத்தாரைக் குறை கூறினேன். கடைசியிலே, பழகிய பாடல்களாதலின் ஏட்டைப் பார்ப்பவன் போல நடித்து மனத்திலிருந்தே பாடலானேன்.

இவ்வாறு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு கந்தசஷ்டி காலத்திலே சூரபன்மன் வதைப் படலம் படித்துக்கொண்டிருக்கையில், பயன் சொல்லுகின்ற பெரியவர் வாய் திறவாது என் முகத்தையே நோக்கியிருந்தார். என் பக்கத்திலிருந்து படிப்புப் பழகுகின்ற சிறுவன் மெல்ல ஏட்டிலே விரலை வைத்து, "ஐயா, ஒரு பாட்டு விடுபட்டுப் போயிற்று" என்றான். சபை முழுவதும் கேட்டது. நான் அவனை நோக்கி, "வெளிச்சத்தை மறையாதே, தள்ளியிரு" என்று கடிந்தேன். அவன் தள்ளியிருந்தான். அவன் முகம் வாடியதைக் காண எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்ததில்லை.

மெய்யன்பர்களே! ஆணவமலத்தின் இயல்பை உமாபதிசிவாசாரியார் திருவருட்பயனிலே விளக்கியருளினார். புறத்திருள் பிறபொருள்களை மறைப்பினும் தன்னை மறைப்பதில்லை. இருட்டறையிலே நிற்பவன் "இங்கே இருட்டு" என்றாயினும் அறிவான். ஆணவ இருளோ பிறவற்றையும் மறைத்து, தான் மறைக்கின்றது என்பதனையும் மறைத்துவிடும். ஆதலின் அதிற் கட்டுண்டவன் குறை தன்னிடத்தது என்று காணான். குமிழிற் காண்பான், அச்சிற் காண்பான், சிறுவனிடத்திற் காண்பான். சாத்திரத்திலே பலகாற் படித்த இச்சித்தாந்தத்துக்கு நானே உதாரணமாகி இரண்டு ஆண்டு இருந்தேன் என்று சொல்ல இன்றும் நாணுகின்றேன்.

அதன்பின் நகரத்துக்குப் போய்க் கண்ணைச் சோதிப்பித்து ஒரு கண்ணாடி பெற்றேன். முற்காலத்திலே தூரப்பார்வைக்கு ஒன்றும் கிட்டப்பார்வைக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்தனர். அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்கிளின் என்பவர் இரண்டினையும் பாதிபாதியாக அறுத்து ஒரே வட்டத்திற் பொருத்திக்கொண்டமையை 1785 ஆம் ஆண்டிலே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். பிரெஞ்சுமொழி பேசுவாரது முகத்தைக் கண்டால் அம்மொழி நன்கு விளங்குகின்றது என்றும் அவர் எழுதினார். கண் செவிக்கும் உதவுகின்றதென்பதை அறிந்த மனிதர். பின்பு 1959 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துப் பேணார் மெத்தனா என்பவர் ஆக்கிய வில்லை விற்பனைக்கு வந்தது. அதிலே நடுவிற் கோடில்லை. மேற்பாகம் சேய்மைக்கு, கீழ்ப்பாகம் அண்மைக்கு, இடையிலே ஒடுங்கியதொரு வழி இடைத்தூரத்துக்கு. கடைக்காரர் 'புறோகிறசிவ்' என்று கூறுவது இதனையே. ஆயின் இதற்கு ஒரு குறை உண்டு. இருபுறத்து ஓரங்களிலும் உருவங்கள் வளைந்தும் கலங்கியும் தோன்றும். கோடின்றிப் பல பார்வைகளை ஒரே வில்லையில் அடக்குதலால் நேர்வது அது, முற்றும் நீக்கலாகாது.

அணிந்த முதல்நாள் மண்டபத்துத் தூண்கள் அசைந்தன. நிலம் சரிந்தது. கேணிப்படியிலே இறங்குகையில், படிப்பதற்கென அமைந்த கீழ்ப்பாகத்தினூடே என் கால்களை நோக்கினேனாதலின் படி எங்கேயென்று தெரியாது தடுமாறிக் குடத்து நீரைக் கவிழ்த்தேன். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் அதனைப் பெட்டியிலே வைத்து மூடி, கண்ணாடி செய்தவரைக் குறை கூறத் தொடங்கினேன். மறுபடியும் பழைய குமிழ்க்கதையே என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள், நான் கவனிக்கவில்லை.

அந்நாட்களிலே தான், விடுபட்ட அந்தப் பாட்டு இருந்த படலத்தை வீட்டிலே மீளவும் எடுத்தேன். குமாரக்கடவுள் தமது பேருருவைக் காட்டியருள, சூரபன்மன் கண்டான்; பகை மறந்தான்; துதிக்கவும் செய்தான். அவ்வருட்காட்சி நீங்கினவுடனே பழைய செருக்கே மேலெழுந்தது. கண்டும் அக்காட்சி அவனிடத்திலே தங்கவில்லை. இதனை எத்தனை ஆண்டு ஊராருக்குப் படித்தேன்! நம்முள்ளே சமயதீக்ஷை பெற்று, சிலநாள் அநுட்டானஞ் செய்து, மனம் அலைகின்றது, மந்திரம் வாயிலே தடுக்குகின்றது, இஃது எனக்கு ஏலாது என்று விட்டொழித்தார் எத்தனை பேர்! மனம் அலைவது அநுட்டானத்தின் குற்றமன்று. முன்னும் அது அலைந்தே இருந்தது. நேரே இருக்கத் தொடங்கிய பொழுது அவ்வலைவு புலப்பட்டது, அவ்வளவே.

கடைக்காரரிடம் மீண்டு சென்றேன். அவர் சினவாது கூறியது இது: "காலையில் எழுந்தவுடன் அணியுங்கள், பழைய கண்ணாடியைத் தொடாதீர்கள். ஏட்டைப் படிக்கும்போது தலையை நிமிர்த்திக் கண்ணை மாத்திரம் தாழ்த்துங்கள். படியில் இறங்கும்போது தலையையே தாழ்த்துங்கள். பக்கத்திலுள்ளதைப் பார்க்கக் கண்ணை ஓட்டாதீர்கள், முகத்தைத் திருப்புங்கள். பெரும்பாலோர்க்கு இரண்டு கிழமைக்குள்ளே பழகிவிடும்."

முகத்தைத் திருப்புக என்னும் அச்சொல் என்னை விட்டு நீங்கவில்லை. தீபாராதனை வேளையிலே நாம் நிற்பது எவ்வாறு? முகம் மூலஸ்தானத்தை நோக்கியிருக்கும். கண்ணோ ஓரத்தாலே, இன்னார் வந்தார், இன்னார் வரவில்லை, இன்னார் புதுப்பட்டு உடுத்தார் என்று உலாவும். என் புதிய கண்ணாடி அதற்கு இடங்கொடாதாயிற்று. ஓரத்திலே எல்லாம் கலங்கல். நேரே மாத்திரம் தெளிவு. கடைக்கண் நோக்கம் இறைவனுக்கு உரியது. அது நம்மேற் பட்டால் அருள். நாம் அவனைக் கடைக்கண்ணால் நோக்கினாலோ ஒன்றுங் காணோம்.

அற்றேல், கண்ணாடி மாயாகாரியமாகிய சடப்பொருளன்றோ? அதுவும் பிறநாட்டார் ஆக்கியது. ஞானக்கண் வேண்டுவார் இதனைப் பேசுவதேன் எனின், கூறுதும். உடம்பும் மாயாகாரியமே, நீர் இழித்த அக்கண்ணும் மாயாகாரியமே. விடியுமளவும் இரவிலே விளக்கு உதவுமாறு போல, ஆணவ இருளிலே அழுந்திய ஆன்மாவுக்குச் சிறிது அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் தனுகரணாதிகளைத் தந்தருளினான். பிறநாட்டார் கருவி என்று தள்ளுவதாயின், ஆறுமுகநாவலரவர்கள் அச்சியந்திரத்தை வண்ணார்பண்ணையிலே நிறுவியதும், 1852 ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக அச்சிற் பதிப்பித்ததும் தள்ளப்பட வேண்டும். கருவி யாருடையது என்பதன்று வினா. அதனாலே எதனைக் காண்கின்றோம் என்பதே வினா.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்பாக்கத்திலே கண்ணை வேண்டினார், கிடைத்தது ஊன்றுகோல். அவர் அதற்காக மனம் நொந்தார். எனினும் அக்கோலை ஊன்றியே மேல் நடந்தார். காஞ்சியிலே இடக்கண் கிடைத்தது. திருவாரூரிலே மற்றைக்கண்ணும் கிடைத்தது. கோலை எறிந்துவிட்டு வெண்பாக்கத்திலேயே அவர் இருந்திருந்தால் என்னாம்?

இனி, கண்ணாடி அணிந்தும் கண் தானாகக் காணாது என்பதனையும் அறிதல் வேண்டும். உயிர் நீங்கிய உடம்பின் மூக்கிலே எத்துணைச் சிறந்த வில்லையை வைப்பினும் அது காணுமோ? ஆன்மா உடனிருந்து காட்டிக் கண்டாலன்றிக் கண் காணாது. அவ்வாறே இறைவன் ஆன்மாவுடன் இருந்து காட்டியும் கண்டும் உபகரிக்கின்றான் என்று சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரம் கூறும். கண் தன்னைக் காட்டுகின்ற ஆன்மாவைக் காணாதது போல, நாமும் நமக்குக் காட்டுகின்றவனைக் காணாது, நானே கண்டேன், நானே படித்தேன் என்கின்றோம். ஏட்டிலே விரல் வைத்துக் காட்டிய சிறுவனைத் தள்ளியிருக்கச் சொன்னேனே, அதுவும் அவ்வினமே.

பதினாறாம் நாளிலே தூண்கள் நின்றன. அவை எப்பொழுது அசைவொழிந்தன என்பதை நான் அறியேன்.

அடுத்த ஆண்டுப் புராணபடனத்திலே அச்சிறுவனை என் அருகிலேயே இருத்தி, விடுபட்ட பாட்டை அவனைக்கொண்டே படிப்பித்தேன். படனம் முடிந்தபின் கோயிற்றொண்டரை அணுகி, "விளக்கிலே ஒரு குறையும் இருந்ததில்லை; உங்களை வீணே அலைக்கழித்தேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "கழற்றிய குமிழ் இரண்டும் என் வீட்டிலே தான் எரிகின்றன, ஐயா" என்றார்.

திருச்சிற்றம்பலம்.