சராசரி ஈரம்

வங்கியில் மாதச் சராசரி இருப்பு என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது; கவுண்டரில் நிற்பவருக்கு விளக்குவது என் வேலை. இருபதாம் தேதி கையில் ஒன்றுமில்லாமல் நின்றவருக்கும் அந்த மாதம் ஒரு சராசரி இருக்கும். பல வருஷங்களாக விளக்கி வந்தும் இதில் ஏதோ சங்கடம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. தோன்றியது கிண்டியில்.

நண்பர் ஒருவர் அனுமதி பெற்று, கிண்டி தேசியப் பூங்காவில் மண்ணின் ஈரம் அளக்கப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். 1978இல் தேசியப் பூங்காவான இந்தக் காடு சுமார் 270 ஹெக்டேர். மயிலாப்பூர்க்காரர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், வாசலிலுள்ள சிறுவர் பூங்காவோடு திரும்பிவிடுகிறோம். முந்தின நாள் லேசான மழை. உள்ளே எல்லாம் நனைந்திருக்கும் என்று நினைத்தேன். அடர்ந்த தழைக்குக் கீழே மண் பொடியாக உதிர்ந்தது. பெய்த கொஞ்சத்தை இலைகளே வாங்கிக்கொண்டு, அங்கிருந்தே காற்றுக்குக் கொடுத்துவிட்டன. பத்தடி தள்ளி, மரமில்லாத திட்டில் மண் விரலில் ஒட்டியது. மழை பலத்தால் கதை வேறு, கிளைகளில் விழும் நீர் தண்டு வழியே இறங்கி அடிமரத்தில் சேரும் என்றார் நண்பர். பிறகு நாலு நாள் வெயிலடித்தால் திட்டில் மேல்மண் காய்ந்துவிடும், சருகு மூடிய இடம் காயாது. ஆனால் ஒரு முழ ஆழத்தில், வேர்கள் உறிஞ்சிய மரத்தடிதான் வறண்டிருக்கும். ஈரமான இடம் எது என்று கேட்டால், எப்போது, எந்த ஆழத்தில் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. (ஈரம் என்றதும் நெஞ்சுக்குத் தாவிவிடுவது நம்மவர் வழக்கம். நான் மண்ணைத்தான் சொல்கிறேன்.)

எடுத்த மண்ணை எடை போட்டு, 105 டிகிரி மின்னடுப்பில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடை போட்டால் குறைந்தது நீர். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் காட்டின் ஈரம் என்று ஓர் எண் வரும். எண் பொய்யல்ல, இந்த வருஷத்தைப் போன வருஷத்தோடு ஒப்பிட அது வேண்டும். ஆனால் விதை சராசரியில் விழுவதில்லை. ஏதோ ஓர் இடத்தில் விழுந்து முளைக்கிறது, அல்லது காய்கிறது, அல்லது அழுகுகிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்யதை குறைவு. சென்ற வருஷம் ஓர் இளம் கவிஞரின் தொகுப்பைச் ‘சராசரிக்குச் சற்று மேல்’ என்று இதே பக்கங்களில் எழுதினேன். பிரயோகம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. நியாயமாக, கொஞ்சம் தாராளமாகக்கூட. நாற்பது கவிதைகளைக் கூட்டி வகுத்திருக்கிறேன் என்று அப்போது படவில்லை. மொத்தத்தில் என்று எழுதிவிட்டால் விமர்சகன் எந்த ஒரு கவிதைக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. மண் எடுப்பவருக்காவது ஒரு சாக்கு உண்டு: தோண்டி எடுத்த இடத்தை மறுபடி அளக்க முடியாது. கவிதைக்குத் திரும்பிப் போகலாம்.

கிண்டிக்குப் போய்வந்த சில நாட்களில் அவரை லஸ் முனையில் பார்த்தேன். கோபமாக இல்லை. “எது மேல, எது கீழன்னு சொல்லியிருக்கலாமே சார்” என்றார். காப்பி சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

வீட்டில் தொகுப்பைத் தேடி எடுத்தேன். இரண்டு கவிதைகளின் ஓரத்தில் நான் போட்ட பென்சில் கோடு இருந்தது. மதிப்புரையில் அவற்றின் தலைப்புக்கூட இல்லை.