வண்டியின் முகமும் அதன் பிரயோஜனமும்

சிறிய கார் ஒன்றை வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பஸ்தர் ஒருவர், ஒரே பெயருடைய வண்டியின் முந்திய வடிவத்தை எடுப்பதா, முகப்பு திருத்தப்பட்டு வந்த பிந்திய வடிவத்தை எடுப்பதா என்று வாரக்கணக்கில் யோசித்து, தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்து, இரவில் தூக்கமின்றிக் கணக்குப் போடுவதைக் காணும்போது, இது வெறும் கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்ட கவலை என்றே பலரும் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருள் உருமாறிய பின்னும் அதே பொருளாக இருக்கிறதா, மாறியது எது, மாறாமல் நின்றது எது, இவ்விரண்டில் நாம் மதிக்க வேண்டியது எதை என்ற கேள்விகள் இந்தத் தேசத்துத் தரிசனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய கேள்விகள். அவற்றுக்கு விடை சொன்ன ஆசாரியர்களுள் ஒருவர் அவதரித்த ஊருக்கு அருகிலேயே, நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் லட்சக்கணக்கில் பிறந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போது, அந்த விசாரத்தை அந்த மண்ணிலேயே வைத்து நடத்துவது பொருத்தமென்று படுகிறது.

ஸ்ரீபெரும்புதூரைத்தான் சொல்லுகிறேன். சம்பிரதாயக் கணக்குப்படி 1017-ஆம் ஆண்டு ராமானுஜர் அங்கே அவதரித்தார். அவ்வூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 1998-இல் சான்ட்ரோ என்ற வண்டியோடு விற்பனையைத் தொடங்கிய அந்த நிறுவனம், 2007-இல் ஐ10 என்ற சிறிய காரை வெளியிட்டு, மூன்று ஆண்டுகள் கழிந்து, 2010 செப்டம்பரில், அதன் முகத்தைத் திருத்தி மறுபடியும் சந்தைக்கு அனுப்பியது. முகப்புக் கம்பிச்சட்டம் புதிதாயிற்று. விளக்குகளின் வடிவம் மாறிற்று. பக்கக் கண்ணாடிகளில் திரும்பும் சமிக்ஞை விளக்குகள் வந்து சேர்ந்தன. 1197 கன சென்டிமீட்டர் இயந்திரத்தில், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. வண்டியின் நீளம் 3565 மில்லிமீட்டரிலிருந்து 3585 ஆயிற்று. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் முன்போலவே 2380 மில்லிமீட்டராக நின்றது. அதாவது, வளர்ந்த இருபது மில்லிமீட்டரும் சக்கரங்களுக்கு வெளியே, பம்பரில் வளர்ந்ததேயன்றி, உள்ளே உட்காருகிறவனுடைய முழங்காலுக்கு அதில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். இது அதே வண்டியா, வேறு வண்டியா?

பௌத்தர்களிடம் கேட்டால், மிலிந்தன் என்ற யவன அரசனுக்கு நாகசேனர் தேரைக் காட்டிச் சொன்ன உபதேசத்தை எடுத்துச் சொல்வார்கள். அச்சு தேராகாது, சக்கரம் தேராகாது, நுகத்தடி தேராகாது. இவையெல்லாம் கூடிய இடத்தில் நாம் வைத்துக்கொண்ட வழக்குப் பெயரே தேர் என்பது அவர்கள் சித்தாந்தம். அதன்படி பார்த்தால் பழைய ஐ10 என்றும் புதிய ஐ10 என்றும் வாதிடுவதற்கு நிலையான பொருள் ஒன்றுமே இல்லை. அத்வைதிகளோ, சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொன்ன மண்ணின் திருஷ்டாந்தத்தைக் கொண்டு, குடமும் சட்டியும் பெயரளவில் தோன்றும் விகாரங்களே, மண் ஒன்றே சத்தியம் என்று சாதிப்பார்கள். அந்தத் தரிசனத்தின் ஆழத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆயினும் கையில் பணத்தோடு நிற்கும் ஒரு மனிதனிடம், நீ காணும் பேதம் யாவும் பெயரளவே என்று சொன்னால் அவனுடைய சங்கடம் தீராது. ஏனென்றால் அவன் கண்ணெதிரே இருக்கும் மாற்றம் பிரத்தியட்சமானது. அதற்கென்று ஒரு விலையும் கேட்கப்படுகிறது.

ராமானுஜர் அதே மண்ணையும் அதே குடத்தையும் வைத்துக்கொண்டு வேறு விதமாகப் பேசினார். மண் பிண்டமாயிருந்தது ஒரு நிலை, குடமாயிருப்பது மற்றொரு நிலை. இரண்டு நிலைகளும் மெய்யே, ஆனால் இரண்டிலும் திரவியம் ஒன்றே என்பது அவருடைய தீர்ப்பு. மாற்றத்தைப் பொய்யென்று தள்ளவும் இல்லை. மாற்றத்தையே பொருளென்று மயங்கவும் இல்லை. இவ்வளவு நிதானமான ஒரு பார்வையை உலகப் பொருள்களைப் பற்றி வேறெங்கும் நான் கண்டதில்லை. திருத்தப்பட்ட முகப்பு ஒரு மெய்யான விசேஷணம். அதற்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுக்கலாகாது.

அந்த ஆசாரியருடைய திருமேனிகளைப் பற்றிய வரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பதைத் தான் உகந்த திருமேனி என்றும், மேல்கோட்டையில் இருப்பதைத் தமர் உகந்த திருமேனி என்றும், ஸ்ரீரங்கத்தில் இருப்பதைத் தானான திருமேனி என்றும் வைஷ்ணவர்கள் போற்றுகிறார்கள். முகங்கள் மூன்றானாலும் சேவிக்கப்படுகிறவர் ஒருவர். மூன்றில் எது புதியது என்ற ஆராய்ச்சியில் எந்தப் பக்தனும் இறங்குவதில்லை. எந்த ஊருக்குப் போகிறானோ அந்த ஊரில் கைகூப்புகிறான்.

தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு பழைய கார்கள் விற்கும் இடத்துக்குச் சென்றிருந்தேன். வெள்ளி நிறத்து ஐ10 வண்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழையதின் முன்விளக்கு வெயிலில் பழுத்து மஞ்சள் பாய்ந்திருந்தது. புதிய முகமுடையதின் வலப்பக்க மட்கார்டில் விரலை வைத்து நகர்த்தினால், பட்டி பார்த்து வண்ணம் அடித்த இடம் லேசான மேடாகத் தட்டுப்பட்டது. தரகர் சொன்னார்: “ஐயா, ரெண்டுமே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பொறந்த வண்டிதான். இதுக்கு முகம் மட்டும் புதுசு.” ஆசிரியர் உடனே, “முகம் மட்டும்தான் புதுசுன்னா, விலை ஏம்ப்பா இவ்வளவு வித்தியாசப்படுது?” என்று கேட்டார். “பார்க்கிறவங்க மதிக்கணும் இல்லீங்களா ஐயா” என்று தரகர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

அந்தப் பதிலில்தான் விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். முகப்பு யாருக்காக? வண்டிக்குள் இருப்பவன் ஓட்டும் நேரமெல்லாம் தன் வண்டியின் முகத்தைக் காண்பதே இல்லை. எதிரே வருகிறவனும் தெருவில் நிற்கிறவனுமே அதைக் காண்கிறார்கள். ராமானுஜ தரிசனத்தில் சேஷன், சேஷி என்று ஒரு பாகுபாடு உண்டு. தன் பொருட்டன்றிப் பிறருக்கு அதிசயம் விளைப்பதற்காகவே இருப்பது சேஷம். எவருக்காக இருக்கிறதோ அவர் சேஷி. சரீரத்துக்கு லட்சணம் சொல்ல வந்த இடத்திலும், ஆத்மாவினால் தாங்கப்படுவது, நியமிக்கப்படுவது, ஆத்மாவுக்கே சேஷமாயிருப்பது என்று அவர் மூன்று தன்மைகளைக் கூறினார். கார் சரீரமாகாது, ஓட்டுகிறவன் இறங்கிப் போனால் அது அழிந்துவிடுவதில்லை. ஆனால் பிறருக்காகவே இருத்தல் என்ற அந்த மூன்றாவது தன்மை காருக்கு முற்றிலும் பொருந்துகிறது. அப்படியானால் அதன் குணதோஷங்களை அளக்க வேண்டியது உள்ளே அமர்ந்திருக்கும் உயிரைக் கொண்டேயன்றி, வெளியே நிற்கும் கண்களைக் கொண்டு அல்ல.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது மனத்தை வருத்தும் உண்மை ஒன்று எதிர்ப்படுகிறது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின், காற்றுப் பை இல்லாத அடிப்படை வகைகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்த முடிவுகளை வெளியிட்டது. ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோ ஆகியவற்றோடு ஐ10-உம் அதில் இருந்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தில் ஒன்றுக்கும் ஒரு நட்சத்திரம்கூடக் கிட்டவில்லை. முகத்தைத் திருத்தி அப்போது மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. வீதியில் நிற்பவனுடைய கண்ணுக்காக விளக்கும் சட்டமும் மாற்றப்பட்ட வண்டியில், சேஷியான மனிதனுடைய நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு காற்றுப் பை வைப்பது மட்டும் விலை உயர்ந்த வகைகளை வாங்குவோருக்குரிய சலுகையாகவே நின்றுவிட்டது. இது ஒரு நிறுவனத்தின் குற்றம் மாத்திரமன்று. முகத்துக்குப் பணம் கொடுக்கச் சம்மதித்து, உயிர்க்காப்புக்குப் பணம் கொடுக்கத் தயங்கிய நம் எல்லோருடைய ருசியும் அதில் பங்குகொண்டிருக்கிறது.

அழகை நான் இகழவில்லை. விஷ்ணுவை அலங்காரப் பிரியன் என்று கொண்டாடும் சம்பிரதாயத்தில் வந்தவர்கள், கண்ணுக்கு இதமான ஒரு வடிவத்தை வேண்டாமென்று தள்ள நியாயமே இல்லை. உற்சவ காலத்தில் பெருமாளுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாத்துப்படி. அதைக் கண்டு மனம் நிறைகிறோம். ஆனால் நேற்றைய சாத்துப்படியில் சேவித்த பெருமாள் இன்று மதிப்புக் குறைந்துவிட்டார் என்று எந்தப் பட்டரும் சொல்வதில்லை. மெருகில் தவறில்லை. மெருகு வந்த நாளிலிருந்து முந்தியதைத் தாழ்வென்று நினைக்கப் பழகுவதில்தான் தவறு இருக்கிறது.

ஆகையால், இவ்விரு வடிவங்களுக்கும் நடுவே நின்று தயங்கும் வாசகரிடம் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காற்றுப் பைகளும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் உள்ள பழைய முகத்து வண்டியும், அவை இல்லாத புதிய முகத்து வண்டியும் ஒரே விலைக்குக் கிடைக்குமானால், பழையதையே எடுங்கள். இரண்டிலும் அவை இருந்து, இயந்திரமும் அடிச்சட்டமும் சமமாயிருந்தால், மனத்துக்குப் பிடித்த புதிய முகத்தைச் சங்கோசமின்றி எடுத்துக்கொள்ளலாம். 15 ஆண்டு கடந்த வண்டியானால் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் காற்றுப் பைக்குரிய சிவப்பு விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், எரிந்தபடியே நின்றாலும், மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் ஓட்டுநருக்கான காற்றுப் பை எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலை முதல் தேதியிலிருந்துதான். அதற்கு முந்திய வண்டி எதுவானாலும், அதன் முகம் எதுவானாலும், இதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.