பிழை யாருடையது?



விவாகரத்து என்ற சொல்லைக் கோவில் மடலில் அச்சிடலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் ரெக்ஸ்டேலில் எம்மவர் வீடுகள் சிலவற்றின் வாசலிலும் அது வந்து நிற்கிறது. சேர்ந்து வாழும் வழியெல்லாம் அடைபட்ட பின்னர், பிரிவதையாவது எவ்வாறு செய்வது என்பதே இங்கு எமது கேள்வி.

வழக்குக்குப் போகும் பலரின் மனத்தில், பணத்துக்கும் மேலாக, "பிழை என்மேல் இல்லை என்று நீதிபதி சொல்ல வேண்டும்" என்ற தவிப்பே இருக்கும். அது இயல்பானதுதான். ஆனால் 1986இல் நடைமுறைக்கு வந்த கனடிய விவாகரத்துச் சட்டப்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்தாலே போதுமானது. தாபரிப்புப் பணத்தை நிர்ணயிக்கும்போது, தாம்பத்தியத்தில் யார் நடத்தை தவறினார் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஒன்ராறியோவில் சொத்துப் பங்கீடும் பெரும்பாலும் கணக்கு விவகாரமே. சேமிப்பையெல்லாம் சட்டத்தரணிக்குக் கொடுத்த பிறகும், கேட்க ஏங்கிய அந்த ஒரு வசனம் கிடைக்காமலே போகலாம்.

மத்தியஸ்தரும் அதைச் சொல்லமாட்டார். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இனி வரப்போகும் நாட்களைப் பற்றித்தான் அவர் கேட்பார். தாய் ரெக்ஸ்டேலில், தந்தை ஸ்காபரோவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 401 நெடுஞ்சாலை நெரிசலில் பிள்ளையை ஏற்றி இறக்குவது யார்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்னாவது? தேரன்று பிள்ளை யாருடன் வடம் பிடிப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அப்பம்மா பேரப்பிள்ளையுடன் எத்தனை நாள் தங்கலாம்? இவற்றையெல்லாம் ஆறுதலாகக் கேட்க நீதிமன்றத்தில் நேரம் ஏது? 2021 மார்ச் 1 முதல், பொருத்தமான இடங்களில் பேசித் தீர்க்க முயல்வதைச் சட்டமே கடமையாக்கியிருக்கிறது. விவாகரத்துக் கட்டளையை மட்டும் நீதிமன்றம்தான் வழங்கலாம்.

"இதைத்தானே ஊரில் பெரியவர்கள் செய்தார்கள்?" என்பீர்கள். பெரியவர்கள் சேர்த்து வைக்க வந்தார்கள். "கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை" என்ற புத்திமதி பெரும்பாலும் பெண்ணுக்கே கிடைத்தது. சமய நெறிப்படி குடும்பப் பிணக்குகளுக்கு நடுத்தீர்ப்பு வழங்கலாமா என்று ஒன்ராறியோவில் 2005இல் பெரும் சர்ச்சை நடந்தது. கனடியச் சட்டத்தைத் தழுவாத குடும்ப நடுத்தீர்ப்புக்குச் சட்டவலு இல்லை என்று 2006இல் திருத்தம் வந்தது. ஆகவே கோவில் நிர்வாகத்தினர் சொல்வதும் ஆலோசனை மட்டுமே. அது நல்லதே என்பது எமது எண்ணம்.

அப்படியானால் சமாதானத்துக்காக நீதியை விட்டுக்கொடுப்பதா? இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய இடத்தில் இக்கேள்விக்கு அவ்வளவு கூர்மை இல்லை. அடி விழுந்த வீட்டில் உண்டு. வாய் திறக்கப் பயந்தவர் வைத்த கையெழுத்தை உடன்பாடு என்பது அநியாயம். அதனாலேயே மத்தியஸ்தர் முதலில் இருவரையும் தனித்தனியே கண்டு, வன்முறை உண்டா என்று விசாரிப்பார். பயப்படுபவர் "வேண்டாம்" என்று எழுந்து நீதிமன்றம் போகலாம். அதற்காக எவரும் அவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

உடன்பாடு எழுத்தில் அமைந்து, சாட்சி முன் கையெழுத்தாக வேண்டும். முக்கியமான சொத்தை மறைத்திருந்தால் நீதிமன்றம் பின்னர் அதைத் தள்ளிவிடவும் கூடும். ஒப்பமிடுமுன் ஒவ்வொருவரும் தத்தம் சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது. மொழிபெயர்க்க மாமாவையோ மச்சானையோ கூட்டிச் செல்லாதீர்கள்.