பைபாஸும் பிரார்த்தனையும்

பைபாஸ் நோயாளிக்காக முகமறியாதவர் பிரார்த்தித்தால் பலனுண்டா? அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 6 மருத்துவமனைகளில் 1,802 பேரிடம் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. தங்களுக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல், தெரியாமலே வேண்டப்பட்டவர்களில் 52, வேண்டப்படாதவர்களில் 51.

நாத்திகர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், 'வேண்டுதல் வைக்கும் அளவுக்கா நம் நிலைமை மோசம்?' என்ற பதற்றமும் காரணமாகலாம் என ஆய்வாளர்களே ஊகித்தார்கள். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

கடவுள் பரீட்சை எழுத வருவாரா என்பது தனி வழக்கு.

நோயாளியின் அருகிலிருக்கும் நர்ஸின் சங்கடம் வேறு. இருமும்போது பிளந்து தைத்த நெஞ்சு அதிராமலிருக்கத் தலையணையை இறுக அணைக்கச் சொல்லித்தரும்போது, "எனக்காக வேண்டிக்கொள்வாயா?" என்று நோயாளி கேட்டால்? கேட்டவரிடம் 'சரி' என்பது பணிவிடை. கேட்காதவரிடம் தானே வலியப் போய் 'உங்களுக்காக வேண்டுகிறேன்' என்று சொல்வது அத்துமீறல்.