பொருள்வயிற் பிரிவும் பிள்ளையின் காலமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையிலும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் படுவான்கரையிலும், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சவூதி அரேபியா, குவைத், கட்டார் முதலிய நாடுகளுக்கு உழைக்கச் சென்ற தாய் ஒருத்தியோ தந்தை ஒருவரோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. 2024ஆம் ஆண்டில் வெளிநாடுகளிலுள்ள இலங்கையர் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது என்பது போன்ற கணக்குகளோடு இப்பிரிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும் பிள்ளைக்குச் செய்யவேண்டிய கடமையை நிறைவேற்றுவதற்காகப் பிள்ளையையே பிரிந்திருப்பது அறமா, அறத்தின் வழுவா என்னும் கேள்வி அந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறது. வாவிக் கரையில் அருகருகே வாழும் சைவரும் முஸ்லிம்களும் தத்தம் மரபுகளில் இதற்கு விடை தேடும்போது, "போகலாமா" என்பதைவிட "எவ்வளவு காலம்" என்பதையே முன்னோர் கூர்மையாகக் கேட்டிருப்பதைக் காணலாம்.

திருக்குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரம் இச்சிக்கலின் இரு முனைகளையும் தன்னுள் வைத்திருக்கிறது. பிள்ளை கையிட்டுக் குழப்பிய உணவின் சுவை, பிள்ளையின் உடலைத் தீண்டும் இன்பம், அதன் மழலையைக் கேட்கும் இன்பம் என அருகிலிருப்போர்க்கு மட்டுமே வாய்ப்பனவற்றை வரிசையாகச் சொல்லிவரும் வள்ளுவர், உடனடுத்த குறளிலேயே தந்தை மகனுக்குச் செய்யத்தக்க நன்மை அவனைக் கற்றோர் அவையில் முன்னிற்கச் செய்வது என்கிறார். முன்னதை அண்மை என்றும் பின்னதை ஆக்கம் என்றும் கொண்டால், வயலும் பள்ளியும் நடந்து போகும் தொலைவில் இருந்த காலத்தில் இரண்டும் ஒரே வீட்டில் கூடியிருந்தன. பள்ளிச் செலவும் பிரத்தியேக வகுப்பும் கூரையும் ரியாலில் மட்டுமே கைகூடும் நிலை வந்தபோது அவை பிரிந்தன. 1980களில் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து ஊருக்குத் திரும்புபவர் கையில் கொடுத்தனுப்பிய குரல், இன்று இமோவிலும் வாட்ஸ்அப்பிலும் முகத்தோடு சேர்ந்து வருகிறது. வள்ளுவர் சொன்ன இரண்டு இன்பங்களில் கேட்டல் இப்படித் திரும்பக் கிடைத்திருக்கிறது, தீண்டல் கிடைக்கவில்லை. இழப்பின் பாதி மறைந்துவிட்டதால் மறுபாதியைப் பற்றிப் பேசுவதும் குறைந்துவிட்டது.

பொருள் தேடிப் பிரிவதற்குத் தமிழ் அகமரபு பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டு, அதனைப் பிரிவுக்கு உரிய பாலைத் திணையில் வைத்தது. பொருளின்றி விருந்தோம்பலும் ஈகையும் இல்லை, அவையின்றி இல்லறம் இல்லை என்பது அம்மரபின் துணிபாதலால், பிரிவை அது குற்றமாக்கவில்லை, ஆனால் எல்லையிட்டது. கல்விக்காகப் பிரிவது மூன்றாண்டைக் கடத்தலாகாது என்றும், வேந்தன் பணிக்காகப் பிரிவது ஓராண்டுக்குள் முடியவேண்டும் என்றும், பொருள் உள்ளிட்ட ஏனைய பிரிவுகளுக்கும் அவ்வளவே என்றும் தொல்காப்பியத்தின் கற்பியல் வரையறுக்கிறது. இஸ்லாமிய மரபிலும் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு: போருக்குச் சென்ற கணவனை நினைந்து ஒரு பெண் இரவில் புலம்பியதைக் கேட்ட கலீபா உமர், ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருக்கக்கூடும் என்று தம் மகள் ஹஃப்ஸாவிடம் வினவி, அதன்படி வீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பிட்டார் என்பர், அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடும். இரண்டு மரபுகளிலும் போகிறவன் ஆண், காத்திருப்பவள் மனைவி, அளவுகோல் காத்திருப்பவளின் பொறுமை. தலைவியும் தோழியும் செவிலியும் பேசும் அகப்பாடல்களில் தந்தையைப் பிரிந்த குழந்தைக்குத் தனிக் கூற்று இல்லை என்பதையும், பெண் கடல் கடக்க ஆண் ஊரில் காத்திருக்கும் நிலையை அம்மரபு எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

வளைகுடா நாடுகளின் வீட்டுப் பணி ஒப்பந்தம் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குரியது. கஃபாலா எனப்படும் முறையில், அதாவது தொழிலாளியின் தங்கலையும் இடமாற்றத்தையும் அவரை வரவழைத்த முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் ஏற்பாட்டில், இடையில் ஊருக்கு வருவது தொழிலாளியின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. ஆக, கற்பியலின் ஓராண்டும் உமரின் சில மாதங்களும் கடந்துபோவதோடு, காலவரையை வகுக்கும் உரிமையும் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விடுகிறது. முதல் ஒப்பந்தம் கடனை அடைப்பதோடு சரி; வீட்டுக்கு அத்திவாரம் இட இரண்டாவது, கூரை போட மூன்றாவது என்று நீள்வதே வழக்கம்.

இந்த வீடு ஏன் இவ்வளவு கட்டாயமாகிறது என்பதற்கு மட்டக்களப்புச் சமூக அமைப்பே காரணம் சொல்கிறது. இப்பகுதியின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக எண்ணப்படும் குடிகளாகப் பிரிந்தவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும், திருமணத்தின்பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார், வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே எழுதப்படும். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தமது நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பெண்களோடு வேறு வீட்டுக்குப் பெயர்வது பழைய வழக்கமாதலால், மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு வழி காண வேண்டியிருந்தது. நெல்வயலும் தென்னந்தோட்டமும் உள்ள போடிமார்க்கு, அதாவது பெருநில உடைமையாளர்க்கு, அது இயன்றது. ஏனையோர்க்கு அது எளிதன்று; உள்நாட்டுப் போரும் 2004இன் கடற்கோளும் கணவனையும் கூரையையும் கொண்டுபோன குடும்பங்களில் தாய் விமானம் ஏறுவதைத் தவிர வேறு வழி பலருக்குத் தெரியவில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை தந்ததற்காக ஆய்வாளர் புகழும் அதே முறைதான் பெண்ணைக் கடல் கடக்கவும் வைக்கிறது. ஆனால் அதுவே பிள்ளையைத் தாங்குவதும் உண்மை: தாயின் உடன்பிறந்த பெண்கள் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ வாழ்வதால், அம்மம்மாவின் மடியும் பெரியம்மாவின் அடுப்பும் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகியவை. தாய் வெளிநாடு சென்ற குடும்பங்களைக் குறித்துப் பொதுவாகச் சொல்லப்படும் "அநாதையான பிள்ளை" என்னும் சித்திரம் இங்கே முழுமையாகப் பொருந்தாது. அம்மம்மா மூத்துத் தளரும் நாளில்தான் அது பொருந்தத் தொடங்குகிறது.

இஸ்லாமியச் சட்டம் இப்பொறுப்புகளைத் தெளிவாகவே பகுத்திருக்கிறது. நஃபகா எனப்படும் வாழ்க்கைச் செலவு தந்தையின் கடமை. ஹளானா எனப்படும் சிறுபிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் தாய்க்கு முன்னுரிமை. விரும்புவோர் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டலாம் என்று கூறும் குர்ஆனின் 2ஆம் அத்தியாய வசனம், பிள்ளையை முன்னிட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இருந்து ஒரு தாய் பணிப்பெண்ணாகச் செல்லும்போது, ஆணின் கடமையைத் தன் தலையில் ஏற்று, தனக்குரிய முன்னுரிமையை விட்டுக்கொடுக்கிறாள். மஹ்ரம் என்னும் நெருங்கிய ஆண் உறவினர் இன்றிப் பெண் பயணம் செய்வதை மறுக்கும் மார்க்கத் தீர்ப்புகள் அவளை நோக்கி எளிதாக நீட்டப்படுகின்றன. நஃபகாவைத் தவறவிட்ட ஆணை நோக்கி அவ்வளவு உரத்த குரல் எழுவதில்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்ற கோட்பாடு அவளுக்குத் துணையாகலாம், ஆனால் அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கியவர் யார் என்ற விசாரணையை அது ஓய்த்துவிடலாகாது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டப்பள்ளியின்படி, ஓரிடத்தில் நான்கு நாள் தங்குவதாக நினைத்துச் சேர்ந்தவர் முஸாஃபிர், அதாவது தொழுகையைச் சுருக்கும் சலுகையுள்ள பயணி, என்ற நிலையை இழக்கிறார் என்பதும் இங்கே சிந்திக்கத்தக்கது. பத்தாண்டு தோஹாவில் இருந்தும் தன்னைப் பயணியாகவே எண்ணி, வாழ்க்கையை ஊர் திரும்பும் நாளுக்குத் தள்ளிவைக்கும் பெற்றோரைச் சட்டம் பயணியாக ஏற்பதில்லை.

சைவ நாட்காட்டியிலும் ஓர் இடைவெளி உண்டு. ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் ஆயிரக்கணக்கானோர் நீராடி இறந்த தந்தையை நினைப்பர். சித்திரா பௌர்ணமி இறந்த தாய்க்குரியது. உயிரோடு தொலைவிலிருக்கும் பெற்றோரை நினைக்க ஒரு நாள் இல்லை. அந்த இடத்தை "தியாகம்" என்ற சொல் நிரப்புகிறது, ஆனால் தவறாக நிரப்புகிறது. தியாகம் துறவிக்குரிய சொல். காரைதீவில் 1892இல் பிறந்து, 1924இல் துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை வளர்த்த சுவாமி விபுலாநந்தர் குடும்பக் கட்டை அறுத்தே பொதுப்பணிக்கு வந்தவர். துறவியின் பிரிவுக்குக் காலவரை வேண்டியதில்லை, ஏனெனில் அவர் திரும்புவதாகச் சொல்லிப் போவதில்லை. உழைக்கப் போன தாயோ கட்டை அறுக்கவில்லை, அதை இறுக்கவே போயிருக்கிறாள். அவளைத் தியாகி என்று போற்றுவதன்மூலம் சமூகம் தான் அவளுக்குப் பட்ட கடனைப் புகழுரையில் கழித்துக்கொள்கிறது.

அரசும் எல்லையிட முயன்றதுண்டு. திருகோணமலை மாவட்டத்து மூதூரிலிருந்து 2005இல் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு அனுப்பப்பட்ட ரிசானா நஃபீக், தம் பொறுப்பிலிருந்த கைக்குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே, வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் விதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. டொலர் வற்றிய 2022இல் அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் வயதை அளவாகக் கொண்டதால் இவ்விதி பழைய மரபுகள் தொடாத இடத்தைத் தொட்டது. ஆனால் கற்பியலும் உமரின் ஆணையும் ஆணின் பிரிவுக்கே எல்லையிட்டிருக்க, இவ்விதி தாயை மட்டும் கட்டுகிறது, தந்தை எந்நாளும் போகலாம். மேலும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எது தேவை என்பது ஒரு பொருளாதார நெருக்கடியால் மாறக்கூடியது அன்று.

பிரிவின் அளவு போகிறவரின் கடனாலோ காத்திருக்கும் துணையின் பொறுமையாலோ மட்டும் முடிவாகலாகாது. பிள்ளையின் காலத்தால் முடிவாக வேண்டும், அது தந்தைக்கும் தாய்க்கும் பொதுவாக வேண்டும். இரண்டு ஆண்டு என்பது நாற்பது வயதுப் பெற்றோருக்கு ஓர் ஒப்பந்தம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதன் வாழ்நாளின் பெரும்பகுதி. அவ்வெல்லையைத் தனியொரு தாயால் காக்க முடியாது, ஏனெனில் அடுத்த ஒப்பந்தத்துக்கு அவளை அனுப்புவது சீதன வீட்டின் அளவு. அதைத் தீர்மானிப்பது திருமணப் பேச்சு. ஆதலால் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரும், குடிகளின் பெயரால் அப்பதவிகளில் இருப்பவர்கள் என்ற முறையில், சீதனத்துக்கு முழு வீடு கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வீட்டுக்காகப் பெண்ணின் தாய் இன்னும் எத்தனை ஆண்டு வெளிநாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டு, விடை கிடைத்த பின்பே நாள் குறிக்க வேண்டும்.